அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர், முதல்வர், கல்விக்குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை மாலை துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். வரும் செமஸ்டரிலிருந்து வாரம் இரண்டு டுட்டோரியல் வகுப்புகள் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக ஒரு தனியார் நிறுவனத்தின் செயலியில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வீடியோ பாடம் பார்க்க வேண்டும். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று செயலி கணக்கெடுக்கும். அந்தக் கணக்குக்கு இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் 5. இயற்பியல், வேதியியல் பிராக்டிகலில் பாதிச் சோதனைகள் இனி கணினித் திரையில். செலவுக்கு மாணவர் ஒருவரிடம் செமஸ்டருக்கு 900 ரூபாய்.

இந்தக் கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். முடிவெடுக்கும் முன் எங்கள் துறையில் ஒருவரிடமும் நீங்கள் கேட்கவில்லை. மாணவர்களிடமும் கேட்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். "அது முடிவாயிட்டு சார்" என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அதனால்தான் பெற்றோரும் மாணவர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இந்த மடலில் பாதி, அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதைப் பற்றித்தான். என் வருத்தம் வேறு. பிள்ளைக்கு எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிய வரும் ஒரே நேரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் நிமிடக் கணக்கை வைக்கிறீர்கள்.

சென்ற செமஸ்டரில் இரண்டு வகுப்புகளில் இந்தச் செயலியை முன்னோட்டமாக ஓட்டினீர்கள். அதில் ஒன்று என் வகுப்பு. பார்த்த நேரக் கணக்கில் முதலிடம் பிடித்த மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும். வீடு குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகும் பக்கம். விடியக்காலை மூன்றரைக்கு நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் விளைக்குப் போகிறவன். ஏறக்குறைய நூற்றைம்பது மரம் பால்வெட்டு முடித்து, குளித்து, ஏழரை பஸ்ஸைப் பிடித்து வருவான். பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் அப்பா அம்மா பாடு. அவன் கைவிரல் இடுக்கில் காய்ந்த ஒட்டுப்பால் இருக்கும். ரெக்கார்டு நோட்டில் கூட சில நாள் அது ஒட்டியிருக்கும்.

நியூட்டன் விதிகளில் ஒரு எளிய கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. "நீதானே மக்கா எல்லா வீடியோவும் முழுசா பாத்திருக்க?" என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"கிணத்தாங்கரையிலதான் சார் ரேஞ்சு கிடைக்கும். ராத்திரி போனை அங்க கல்லு மேல வச்சு ஓட விட்டுட்டு வந்து படுத்திருவேன். மார்க்கு போவக்கூடாதுல்லா."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது மணி நேரம் விழித்திருந்த ஒரு பையன், உறக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அந்தப் போன் அவனுடையது மட்டுமல்ல, தங்கைக்கும் அதுதான். அதே வகுப்பில் குறும்பனைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். ஹெட்போன் வாங்கும்வரை சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்த்ததாகச் சொன்னாள். செயலியின் கணக்கில் அவளும் 'சிறப்பு'. டுட்டோரியல் வகுப்பில் கேள்விகளால் என்னைத் துளைத்தெடுக்கும் தோவாளைப் பையன், மாலையில் வீட்டில் பூக்கட்டும் வேலை இருப்பதால் செயலியின் கணக்கில் 'கவனம் தேவை'. இந்தக் கணக்கை வைத்தா இன்டர்னல் மதிப்பெண் போடப் போகிறோம்?

பேரிடர் வந்தால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளொன்றுக்கு 2 ஜிபி என்று அரசு இலவச டேட்டா கார்டு தந்தது. கையில் கார்டு இருந்தும் ரேஞ்சு கிடைக்காமல் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் பாறை ஏறி நின்றார்கள். டேட்டா தருவது ஒன்று, பாடம் போய்ச் சேர்வது இன்னொன்று என்று அப்போதே நாம் கண்டுகொண்டோம்.

டுட்டோரியல் வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க உங்களில் யாரும் வந்ததில்லை. அதனால் ஒரு நாளை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

ஒவ்வொரு மாணவரிடமும் ஏ4 தாளில் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். கட்டம் கட்டமாக ஒரு கறுப்புக் குறி. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்து. ப்ளிக்கர்ஸ் என்ற செயலிக்கான அட்டை அது. பிள்ளைகளிடம் போன் இருக்க வேண்டிய தேவையே இல்லை, என் போன் ஒன்று போதும். கேள்வியைப் பலகையில் எழுதுவேன். தாங்கள் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். என் போன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்பினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று அது படித்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் விடை தெரியாது. தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க முடியாது. கேள்வி கேட்டால் குனிந்துகொள்ளும் பிள்ளைகள்கூட அட்டையைத் தூக்குகிறார்கள்.

அன்றைய கேள்வி: ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கும்போது அதன்மேல் செயல்படும் விசை என்ன? பாதிக்கு மேற்பட்ட அட்டைகள் 'விசை எதுவும் இல்லை' என்று திரும்பியிருந்தன. அதே பிள்ளைகள் முந்தைய தேர்வில் இந்தப் பாடத்தில் பத்து மதிப்பெண் கணக்கை ஒரு பிழையில்லாமல் போட்டவர்கள். விடையை நான் சொல்லவில்லை. "பக்கத்துல வேற விடை வச்சிருக்கவங்ககிட்ட சண்டை போடுங்க, மூணு நிமிஷம்" என்றேன். வகுப்பு இரைந்தது. பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, "விசை இல்லன்னா பந்து அங்கேயே நிக்கணும்லா? எதுக்கு கீழ வருது?" என்று கத்தினான். மறுபடியும் அட்டையைத் தூக்கச் சொன்னேன். அனேகமாக எல்லாம் சரியான பக்கம் திரும்பிவிட்டன.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் இதே அதிர்ச்சி ஏற்பட்டது. கடினமான கணக்கைப் போடும் மாணவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்து, 1991 முதல் வகுப்பையே இப்படி மாற்றிக்கொண்டார். முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடி விடை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பேச மாணவர் கேட்டுக்கொண்டே இருக்கும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களைச் செய்யவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். நீங்கள் வாங்கியிருக்கும் செயலி இதில் எந்தப் பக்கம்? முக்கால் மணி நேரம் ஒருவர் பேசுவதைப் பார்ப்பது, அது எத்தனை பளபளப்பான திரையில் ஓடினாலும், பழைய விரிவுரைதான். வகுப்பறையிலாவது பிள்ளை முகம் சுளிப்பதை நான் பார்ப்பேன்.

பிராக்டிகலுக்கு வருகிறேன். இது எனக்கு மனசு கேட்காத இடம்.

ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, மேடையை விரலால் மெல்லத் திருப்ப வேண்டும். கருவியின் சிறு பிளவு வழியே வரும் ஒளியின் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பிறகு நிற்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் சிறும விலக்கம், ஒளி மிகக் குறைவாக வளையும் நிலை. முதல் தடவை அதைப் பார்க்கும் எந்த மாணவியும் சும்மா இருப்பதில்லை. "சார், திரும்புது சார்!" என்று ஒரு குரல் வரும். எத்தனை வருடம் கேட்டாலும் எனக்கு அது அலுக்கவில்லை. திரையில் அம்புக்குறியை இழுத்தால் பிம்பம் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நிற்கும். கை நடுங்காது, வெர்னியர் அளவுகோலைத் தப்பாகப் படிக்க முடியாது, திருகை இறுக்க மறந்து மேடை அசைந்துவிடாது. தப்பே வராத சோதனையில் அளவெடுக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

கணினிச் சோதனைக்கு ஓர் இடம் உண்டு, அது லேபுக்கு முந்தின நாள். என்ன பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் லேபில் நேரம் வீணாகாது. அதற்கும் காசு தர வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உதவியோடு ஐஐடிகளும் பிற நிறுவனங்களும் நடத்தும் விர்ச்சுவல் லேப்ஸ் என்ற இணையச் சோதனைக்கூடம் இலவசம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோவில் தொடங்கிய ஃபெட் என்ற கணினிச் சோதனை மாதிரிகளும் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும், தமிழிலும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்த ஃபைஃபாக்ஸ் என்ற செயலி, போனையே ஓர் அளவுகருவி ஆக்கிவிடுகிறது. போன வருடம் பெஞ்சு ஓரத்தில் ஸ்கேலை நீட்டி, அதன்மேல் ஓர் இரும்பு நட்டை வைத்தோம். ஸ்கேலைத் தட்டிவிடும் சத்தம் ஒன்று, நட்டு தரையில் விழும் சத்தம் இன்னொன்று. நடுவே உள்ள நேரத்தைப் போன் அளந்து சொல்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.45 நொடி. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பக்கத்தில் வந்தபோது, பால்வெட்டுக்குப் போகும் அந்தப் பையன் மறுபடி மறுபடி நட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்தும் போகவில்லை.

லேபில் இப்போது ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒளி தரும் பாதரச ஆவி விளக்கு ஒன்றுதான் எரிகிறது. எட்டுப் பேர் ஒரு கருவியைச் சுற்றி நிற்கிறார்கள். பாதிச் சோதனைகளைத் திரைக்கு மாற்றியதன் உண்மையான காரணம் இதுதான் என்று துறையில் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியென்றால் விளக்கு வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.

முன்பு நடந்த ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். ஆங்கிலத் துறைக்கு என்று மொழி ஆய்வகம் ஒன்று அமைத்தோம். முப்பது கணினி, முப்பது ஹெட்போன். திறப்பு விழாவில் நானும் கைதட்டினேன். மென்பொருள் உரிமம் மூன்றாம் ஆண்டு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அறைச் சாவி அலுவலகத்தில் இருந்தது. தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரம் மட்டும் திறந்து பெருக்குவார்கள். நம் உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். கடைசியாக நான் பார்த்தபோது ஹெட்போன் வளைவுகளில் துரு ஏறி, பஞ்சு உதிர்ந்து மேசையெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. இப்போது பன்னிரண்டு வகுப்புகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. எங்களுக்குத் தந்த பயிற்சி அரை நாள், அதுவும் விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து பொத்தான்களைக் காட்டியது. பழுதானால் யார் பார்ப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஊரடங்குக் காலத்தில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன், அதில் பயன் இருந்தது என்பதால். வீடியோ வகுப்புக்கு என் பிள்ளைகளில் பாதிப் பேரால் வர முடியவில்லை. ஆறு நிமிடத்துக்கு மிகாத ஆடியோவாகப் பாடத்தைத் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒன்று ஒரு எம்பி அளவுதான் வரும். கூடவே கையால் வரைந்த ஒரு படம், முடிவில் ஒரு கேள்வி. விடையைத் தங்கள் குரலிலேயே பேசி அனுப்பச் சொன்னேன். படகு வேலைக்குப் போன ஒரு மாணவன் முட்டம் துறையில் நின்று அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் மீன் ஏலக் குரல் கேட்கும். ஒளிவிலகலைத் தண்ணீரில் தெரியும் துடுப்பை வைத்து விளக்கியிருந்தான், அதில் ஒரு தவறும் இருந்தது. அந்தத் தவறைக் கேட்டதால்தான் அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிந்தது.

உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் என்ற மென்பொருள் இருக்கிறது. 2002-ல் வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியமாஸ். பாலைவனத்து ஒதுக்குப்புற ஊரில் வளர்ந்தவர், சிறுவயதில் வானொலி வழியே பள்ளிப் பாடம் கேட்டவர். பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்த ஒருவர் உருவாக்கியது என்பதாலோ என்னவோ, அதில் பாடத்தை இறக்கிவைத்துப் பிறகு படிக்கவும் வழி உண்டு. முற்றிலும் இலவசம். நம் கணினித் துறை ஆசிரியர்கள் இருவர், கல்லூரிக்குள் பழைய சர்வர் ஒன்றில் அதை நிறுவித் தரத் தயார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் 2003-ல் தொடங்கிய என்பிடெல் வீடியோ பாடங்களும், 2017-ல் வந்த ஸ்வயம் பாடங்களும் படிக்க இலவசமாகவே கிடக்கின்றன. நல்ல வீடியோவுக்கு இந்த நாட்டில் பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் பிள்ளையின் விடையைப் படித்து, "இந்த இடத்துல தப்பிட்ட" என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பதில்தான்.

இன்னொன்று. அந்தச் செயலி நிறுவும்போதே இருப்பிடம், தொடர்புப் பட்டியல், கேமரா மூன்றுக்கும் அனுமதி கேட்கிறது. தராவிட்டால் பாடம் திறக்காது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்ப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்தது நம் மாவட்டம். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது இங்கே ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது. அந்த வீடுகளிடம்தான் 900 ரூபாய் கேட்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். வாரம் இரண்டு டுட்டோரியல் வகுப்புகளும் வரும் செமஸ்டர் கால அட்டவணையில் அப்படியே இருக்க வேண்டும். பார்த்த நேரத்துக்கு மதிப்பெண் கூடவே கூடாது. அந்த 5 மதிப்பெண்ணை வகுப்பிலேயே நடக்கும் வாராந்தரச் சிறு தேர்வுக்குக் கொடுங்கள். அட்டையோ தாளோ போதும், திருத்தும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

பிராக்டிகல் சோதனைகள் அனைத்தும் லேபில், கருவிகளோடு நடக்க வேண்டும். திரைச் சோதனை முன்தயாரிப்புக்கு மட்டும். செயலிக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து முதலில் மூன்று பாதரச ஆவி விளக்குகளும், பழுதான இரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டர்களுக்கான உதிரிகளும் வாங்கித் தாருங்கள். பட்டியலைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

வீடியோவோ ஆடியோவோ, எந்தப் பாடமானாலும் கல்லூரி வளாகத்தில் இறக்கி எடுத்துச் செல்லும்படி இருக்க வேண்டும். நூலகத்தில் வைஃபையோடு மாலை ஆறு வரை இருக்க அனுமதியுங்கள். சொந்தமாகப் போன் இல்லாதவர்களுக்கு நூலகப் புத்தகம் போல டேப்லெட் இரவல் தர ஏற்பாடு செய்யுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குத் தமிழ் விளக்கம் தயாரிக்க, துறைக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

900 ரூபாய்க் கட்டணத்தைக் கைவிடுங்கள். நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பார்க்கும்படி வையுங்கள். இனி எந்தக் கருவி, செயலி வாங்குவதானாலும் ஒரு குழு பார்த்த பிறகே வாங்க வேண்டும். அதில் மலைப்பக்கத்திலிருந்து ஒருவர், கடற்கரையிலிருந்து ஒருவர் என்று குறைந்தது இரண்டு மாணவர்களாவது இருக்க வேண்டும்.

கால அட்டவணை அச்சுக்குப் போகும் முன், அடுத்த பதினைந்து நாட்களுக்குள், இதைப் பேச ஒரு கூட்டம் கூட்டுங்கள். கிணற்றங்கரையில் போனை வைத்துவிட்டு உறங்கப் போன அந்த மாணவன் வந்து பேசச் சம்மதித்திருக்கிறான். உண்மையைச் சொன்னதற்காக அவன் மதிப்பெண்ணில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். அவன் ஊர்ப்பக்கம் போகும் பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான். கூட்டத்தை அதற்குத் தக்க நேரத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்